கசார்வாடியில் ஒரு கட் அவுட்

குளிர்கால விடியலில் வாப்பா ஹாரனை அழுத்தினால் தொண்டை கட்டிய ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு ஈனக் குரல் வரும். கூடவே முன்விளக்கு மஞ்சளாகி, மங்கி, கடைசியில் எஞ்சினும் நின்றுபோகும். யாரோ ஓட்டித் தேய்த்த பழைய மோட்டார் சைக்கிள் அது. மேலப்பாளையத்திலிருந்து புனேவுக்கு வந்து, கசார்வாடியில் ஒற்றை அறையில் குடியிருந்த எங்களுக்கு அதுவே பெரிய சொத்து. வாங்கிய வாரமே வாப்பா, தகரத்தில் வெட்டி வர்ணம் பூசிய தன் அபிமான நடிகரின் சாண் உயரப் படத்தை முன்விளக்குக்கு மேல் முடுக்கி, "நம்ம கட் அவுட்டு" என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த வண்டியை நம்பித்தான் உம்மா வேலைக்குப் போனாள். ஹடப்சரில் வாப்பாவின் செருப்புக் கடைக்குப் பக்கத்தில் ஒரு தையல் கம்பெனி. இருட்டோடு என்னைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத்தான் அவள் கிளம்ப முடியும். அதற்குப் பிறகு பஸ் மாறிப் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. "பொம்பள சம்பாதிச்சு என்ன ஆவப்போவுது?" என்று வாப்பாவின் அக்கா ஊரிலிருந்து போனில் அலுத்துக்கொள்வாள். உம்மா "சரி மைனி" என்று போனை வைத்துவிட்டு, மறுநாளைக்கான புர்காவை இஸ்திரி போடுவாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வண்டி பாதி வழியில் நிற்கத் தொடங்கியதும் வாப்பா புது பேட்டரி போட்டார். சில நாள் ஓடியது, பிறகு பழைய கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையோரத்து மெக்கானிக் சாவந்த் பாவுவிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் மீட்டரின் இரண்டு வயர்களைப் பேட்டரியில் வைத்து எஞ்சினை முறுக்கினார். ஏற வேண்டிய எண் அசையவே இல்லை. எஞ்சினுக்குள்ளிருந்து வரும் மஞ்சள் வயர்களைப் பிரித்துச் சோதித்தார். அங்கே கரண்ட் நன்றாக வந்தது. குழாயில் தண்ணீர் வருகிறது, தொட்டிக்குத்தான் போய்ச் சேரவில்லை என்பது மாதிரி. கையைத் துடைத்துக்கொண்டு, "பேட்டரி டீக் ஹே. கட் அவுட் கராப். நிகால் கே ஃபேக் தோ" என்றார். பேட்டரி சரிதான், கட் அவுட்தான் கெட்டது, கழற்றித் தூர எறி!

அவ்வளவுதான், வாப்பாவுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! வண்டியைத் திருப்பி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன திமிரு பாரேன் அவனுக்கு! நம்ம ஆளு படத்தத் தூர எறியணுமாம்ல!"

உம்மா அரிசி களைந்துகொண்டே, "படத்த எடுத்தா வண்டி எப்படிங்க ஓடும்?" என்றாள்.

"அதான் சொல்லுதேன். பொறாமை! நம்மூரு ஆளக் கண்டா இவனுவளுக்கு ஆவாது."

அதன் பிறகு அவர் எந்த மெக்கானிக்கிடமும் போகவில்லை. ராத்திரியெல்லாம் ஒரு கடையில் பேட்டரியைச் சார்ஜ் போட்டு வாங்குவார். விளக்கெரிய இருட்டில் கிளம்பும் வண்டி ஒரு நாள் போய்ச் சேரும், ஒரு நாள் வழியிலேயே படுத்துவிடும். இனி ஒரு நாள் பிந்தினால் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாள். மறுநாளே வண்டி நின்றது. உம்மா போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே சாவந்த் பாவுவிடம் போனாள். "பையா, கட் அவுட் திகாவோ" என்றாள், அண்ணே, அதைக் காட்டுங்க என்று. அவர் வேறொரு வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளங்கையளவு அலுமினியப் பெட்டி ஒன்றைத் தொட்டுக் காட்டினார். எஞ்சினின் கரண்டைப் பதப்படுத்திப் பேட்டரிக்கு அனுப்பும் பெட்டி. மெக்கானிக்குகள் அதைத்தான் கட் அவுட் என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, உம்மா சிரிக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் வாப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த ராத்திரியே பெட்டியை மாற்றி, மறுநாள் காலை சரியான நேரத்துக்கு உம்மாவைக் கம்பெனி வாசலில் இறக்கினார். அவளுடைய மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் வாப்பா, "லைட்டு எப்படி எரியுது பாரு" என்று எதையாவது சொல்லிக்கொண்டே வந்தாராம். அதன் பிறகு உம்மாவை வேறு வேலை தேடும்படி யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இன்று நான் ஹிஞ்சேவாடிக்குக் கம்பெனி காரில் போய் வருகிறேன். அந்தத் தையல் கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. மோட்டார் சைக்கிள் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. எங்கள் கட்டடத்துக்குப் புதிதாக வருகிற தமிழ்ப் பெண்கள் யாராவது உம்மாவிடம், "வீட்லதான் இருக்கீங்களா?" என்று கேட்டால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்வாள்: "இப்பதாம்மா வீட்ல இருக்கேன். நான் வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தவ."

ஒரு குளிர்காலம்கூட அவள் முழுசாகப் போகவில்லை. பக்கத்தில் வாப்பா இருந்தால், தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்பார்.