கப்சூல் தாளில் நான் வாசிக்காமல் விட்ட வரி

1. ஆயத்தம்

ஹம்பேர்க்கில் ஒரு குடல் வைத்தியரின் பிராக்சிஸில், அதாவது அவருடைய கிளினிக்கில், இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்தேன். போன வருடம்தான் ஓய்வு. அந்த வேலைக்கு இப்போது படிக்கிற எங்கள் பிள்ளைகள் சிலர், "அன்ரி, கப்சூல் பரிசோதனை சுகம்தானே? விழுங்கினா அலுவல் முடிஞ்சுது" என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அருளண்ணை வரும்வரை.

அருளண்ணை துறைமுகக் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அவர் உடம்பில் இரத்தம் குறைந்துகொண்டே போனது. மேலாலும் கீழாலும் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை இரத்தம் ஏற்றியும் மாதம் முடியுமுன் இறங்கிவிட்டது. வீட்டுப் படி ஏறவே மனிசனுக்கு மூச்சு வாங்கும். குழாய் எட்டாத இடம் சின்னக் குடல் ஒன்றுதான் மிச்சம். இரத்தம் எங்கே ஒழுகுகிறது என்று அதற்குள் போய்ப் பார்க்கத்தான் கப்சூல். பெரிய வைட்டமின் குளிசை அளவுதான் இருக்கும். உள்ளே கமராவும் லைட்டும் உண்டு.

பரிசோதனைக்குக் குறித்த டெர்மினுக்கு ஒரு கிழமைக்கு முன் அவரும் மனைவி மலர் அக்காவும் வந்தார்கள். ஆயத்தத்துக்கு இரண்டு பக்க ஜெர்மன் தாள் ஒன்று இருக்கிறது. தமிழ் ஆக்கள் வந்தால் தாளைக் கையில் கொடுத்துவிட்டு வாயாலேயே விளங்கப்படுத்திவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

"இரும்புக் குளிசையை இண்டையோட நிப்பாட்டுங்கோ அண்ணை. முதல் நாள் மத்தியானத்தோட சாப்பாடு முடிஞ்சுது. பின்னேரம் வயித்தால போக மருந்து குடிக்கவேணும். காலமை வெறு வயித்தோட வாங்கோ. விழுங்கி ரெண்டு மணித்தியாலத்தால குடிக்கலாம், நாலு மணித்தியாலத்தால சின்னச் சாப்பாடு. அவ்வளவுதான்."

வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். டெலிபோன் வேறு அலறியது. அவ்வளவுதான் என்று சொன்னேனே, அது அவ்வளவு இல்லை.

2. விழுங்கிய நாள்

காலை ஏழரைக்கு இருவரும் வந்தார்கள். வயிற்றில் சென்சர்களை ஒட்டி, படங்களைப் பதியும் ரெக்கோடரைத் தோள்பையில் போட்டு மாட்டிவிட்டேன். அருளண்ணை கப்சூலை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதைத் திருப்பித் தரவேணுமோ?"

"ஐயோ வேண்டாம். தன்பாட்டில வெளியால போகும். தண்ணியை ஊத்திவிட்டாச் சரி."

கேட்டது நியாயம்தான். அதற்கு முன் வேறொருவர் தன் கப்சூலைத் தேடி எடுத்து, கழுவி, ஜாம் போத்தலுக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "கமரா எல்லோ, திரும்பப் பாவிப்பியள் எண்டு நினைச்சன்" என்றார். அந்தப் போத்தலை வாங்கிய கை என்னுடையது.

ஒரு மிடறு தண்ணீரோடு கப்சூல் போய்விட்டது. புருசனும் மனைவியும் எஸ்-பான் ரயிலில் வீட்டுக்குப் போனார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு ரெக்கோடரைத் திருப்பித் தந்தார்கள். எல்லாம் ஒழுங்கு என்று நானும் வீட்டுக்குப் போய்விட்டேன்.

3. சிவப்புக் கோடு

அடுத்த நாள் காலை டொக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கப்சூல் எடுத்த படங்களில் சிவப்பாக எதைக் கண்டாலும் கணினி ஒரு கோடு போடும். அன்று திரையின் அடியில் கோடுகளுக்கு நடுவே வெள்ளையே இல்லை.

"இவ்வளவு இரத்தமா? இந்த ஆள் நேற்று நடந்தா வந்தார்?" என்று டொக்டர் கேட்டார். "இன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டும். கடிதம் அடி. வயிற்றைத் திறக்கவேண்டி வரலாம்."

கடிதத்தை அடித்துவிட்டு வீட்டுக்கு டெலிபோன் எடுத்தேன். மலர் அக்காதான் எடுத்தார். வயிற்றைத் திறக்கிற கதையைக் கேட்டதும் அழத் தொடங்கிவிட்டார்.

"நேற்றுக் கூட நல்லா இருந்தவர், தங்கச்சி. ரெண்டு மணித்தியாலம் முடியத்தான் குடுத்தனான், அதுவும் துணியில வடிச்சு."

"என்னத்தைக் குடுத்தனீங்கள்?"

"பீட்ரூட் சாறு. ரெண்டு கப். இரத்தம் ஊறட்டும் எண்டு ஒவ்வொரு நாளும் குடுக்கிறனான். சக்கை போகக்கூடாதெண்டு ரெண்டு தரம் வடிச்சனான்."

எங்கள் ஆக்களின் வீட்டில் இரத்தம் குறைந்தவருக்கு முதல் வைத்தியமே பீட்ரூட்தான். அது எனக்குத் தெரியாததா? தாளை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கம், நடுவில்: தெளிந்த பானம் மட்டும், சிவப்பு நிறச் சாறு கூடாது. அந்த வரியைத்தான் நான் சொல்லவில்லை.

ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னேன், என் பிழையையும் சேர்த்து. அவர் கடிதத்தைக் கிழித்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

4. யாருக்குச் சொல்லவேண்டும்

மறுநாள் இருவரையும் கூப்பிட்டு, திரையில் தெரிந்தது பீட்ரூட் சாயம், இன்னொரு கப்சூல் விழுங்கவேண்டும் என்றேன். காத்திருக்கும் அறையில் நாலைந்து பேருக்கு முன்னால் அருளண்ணை மனைவியின் மேல் பாய்ந்தார்.

"இவளின்ர கைவைத்தியத்தால நான் கத்திக்குப் போகப் பாத்தன்! விசரி!"

மலர் அக்கா கைப்பையின் வாரைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு முகம் சுட்டது. அக்காவை மெதுவாக வெளி நடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அக்கா, பிழை உங்களில இல்லை. தாளில கிடந்தது. நான்தான் சொல்லேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கண்ணைத் துடைத்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்:

"இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? என்னை ஏசினவருக்கெல்லோ சொல்லவேணும்."

சரியாகத்தான் சொன்னார். அக்காவையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய், அந்த நாலைந்து பேருக்கு முன்னாலேயே அருளண்ணையிடம் சொன்னேன். அவர் மனைவியின் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பத்து நாளில் இரண்டாவது கப்சூல். இந்தத் தடவை திரையில் ஒரேயொரு சிவப்புக் கோடு. சின்னக் குடலில் ஒரு பொட்டு, அதிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நீளக் குழாய் விட்டுச் சுட்டு மூடினார்கள். வயிற்றைத் திறக்கவில்லை. அருளண்ணை திரும்ப ஃபோர்க்லிஃப்டில் ஏறினார்.

நான் அந்தத் தாளைத் தமிழில் வரி வரியாக எழுதினேன். முதலில் மலர் அக்காவிடம்தான் வாசிக்கக் கொடுத்தேன். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"சின்னச் சாப்பாடு எண்டு போட்டிருக்கிறியள். எங்கட மனிசருக்கு ஒரு கோப்பை குவியச் சோறும் சின்னச் சாப்பாடுதான். அளவைப் போடுங்கோ."

ஒரு துண்டுப் பாண் என்று மாற்றினேன்.

பிள்ளைகளே, எங்கள் பாஷை தெரியும் என்பதற்காகத் தாளைச் சுருக்காதேங்கோ. முழுவதையும் வாசியுங்கோ. வீட்டில் சமைக்கிறவரையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கோ. அப்படியும் பிழை விட்டால், உங்கள் பிழைக்கு யார் ஏச்சு வாங்குகிறார் என்று ஒருக்கால் திரும்பிப் பாருங்கோ.