செயற்கைக்கோளுக்குத் தெரியாத பச்சை

கடலின் நிறம் பார்ப்பது என் தொழில். அதைக் கடலே இல்லாத மதுரையில் உட்கார்ந்து செய்கிறேன். "நீ என்னதான் வேலை பாக்குற?" என்ற கேள்விக்குத் திணறுகிற உங்களுக்கு என் பாடு புரியும்.

ஷேர் ஆட்டோவில்

அவனியாபுரத்திலிருந்து வரும்போது மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அக்கா எட்டிப் பார்த்து, "இந்தப் பச்சையெல்லாம் வயலா?" என்றார். கண்ணுக்குத் தெரியாத செடிகள் கடலில் மிதக்கின்றன, அவை பெருகினால் தண்ணீர் பச்சையாகும், அதை வானத்திலிருந்து செயற்கைக்கோள் படம் பிடிக்கிறது என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அம்புட்டுத் தூரம் பாக்குறது, வைகையில எப்பத் தண்ணி வரும்னு சொல்லாதாக்கும்?"

நீக்கச் சொன்னார்கள்

தூத்துக்குடிக்கு வெளியே நடுக்கடலில் கருவியை இறக்கி அளந்தோம். மேலே தெளிந்த நீலம். ஆழத்திலோ அந்தச் செடிகள் கனத்த அடுக்காகக் கிடந்தன. மேல்தண்ணீரிலிருந்து திரும்பும் வெளிச்சம் மட்டுமே செயற்கைக்கோளுக்கு எட்டும். அதனால் அந்த இடங்களில் செடியே இல்லாத மாதிரிக் காட்டியது.

திட்டத் தலைவரான எங்கள் சார், "கருவிக் கோளாறும்மா, அந்த இடத்து அளவையெல்லாம் நீக்கிடு. இல்லன்னா நம்ம ஆய்வுக் கட்டுரையில உன் பேர் இருக்காது" என்றார். மீனுக்கு இரை அங்கேதான் கிடக்கிறது. அதை எப்படி இல்லை என்று எழுதுவது? "பேர் போனாப் போகட்டும் சார், நீக்க மாட்டேன்" என்றேன். வெளியே வந்து நடந்ததைச் சொன்னேன். உடன் வேலை பார்க்கும் செல்வி டீயை நீட்டினாள்: "ஒனக்குக் கிறுக்குத்தான்டி. ஆனா நீக்கிறாத."

இரண்டு வடிதாள்கள்

கருவியை நம்பாவிட்டால் தண்ணீரை நம்புங்கள் என்று சாரையே படகுக்கு இழுத்துப் போனேன். வழியெல்லாம் வாந்தி எடுத்தார். மேல்தண்ணீரை வடிகட்டினேன், தாள் வெள்ளையாகவே இருந்தது. ஆழத்திலிருந்து எடுத்த அதே அளவு தண்ணீரை வடித்தேன், தாள் பச்சையாகிவிட்டது. சார் இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு, "அடிக்குறிப்புல போட்டுக்கலாம்" என்றார். "கட்டுரைக்குள்ளதான் சார்" என்றேன்.

கட்டுரைக்குள்ளேயே வந்தது. முதலில் இருந்த என் பெயர் மட்டும் கடைசிக்குப் போயிருந்தது. அன்று அழுதேன், மறைக்கவில்லை. செல்வி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "பேரு கீழ போனா என்னடி, பச்சை மேல வந்துருச்சுல்ல!"

அடுத்த திட்டத்தில் சார் என்னைச் சேர்க்கவில்லை. நானே ஒரு திட்டம் எழுதி, அதைப் பரிசீலிக்கும் குழுவில் அவர் இருப்பது தெரிந்தே அனுப்பியிருக்கிறேன்.