கோபத்தைத் தேடி ஒரு வாரம்

சென்ற வாரம் முழுக்க நான் கோபக்காரர்களைத் தேடி அலைந்தேன். சும்மா இல்லை... கையில் போனோடு!

காரணம் இருக்கிறது. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். போட்டோ பைத்தியங்களின் குரூப். திங்கட்கிழமை காலையில் ஒரு தலைப்பு வரும். ஞாயிறு சாயங்காலத்துக்குள் ஆளுக்கு ஒரே ஒரு படம் அனுப்ப வேண்டும். அந்த வாரம் எடுத்ததாக இருக்க வேண்டும். நீங்களே எடுத்திருக்க வேண்டும். யாரையும் நடிக்க வைக்கக் கூடாது. ஜெயித்தால் பரிசு? அடுத்த வாரம் முழுக்க உங்கள் படம்தான் குரூப்பின் முகப்பில். அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை பாடு!

'வட்டம்' என்று தலைப்பு கொடுத்த வாரம் குரூப் முழுக்க தோசையாக வந்து விழுந்தது. 'மஞ்சள்' வாரத்தில், எலுமிச்சம்பழ மூட்டை மேல் தூங்கிய ஒரு பூனையைப் பிடித்து அனுப்பினேன். கட்டைவிரல்கள் வந்தன. பரிசு வரவில்லை. அது எனக்கு இதுவரை வந்ததே இல்லை.

சென்ற வாரத் திங்கட்கிழமை அட்மின் டேனியல் சார் போட்ட தலைப்பு — கோபம்.

எனக்கு ஒரே குஷி. நம் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சம் வரலாம், பார்க்கிங்குக்குப் பஞ்சம் வரலாம். கோபத்துக்கு வருமா?

வந்துவிட்டதே!

முதலில் எங்கள் அபார்ட்மென்ட் மீட்டிங்குக்குப் போனேன். கழிவுநீர்க் குழாய் விவகாரம். வழக்கமாக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்று கத்துவார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து போனைத் தூக்கினேன். செயலாளர் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டார். முதல் மாடிக்காரர், "நீங்க சொல்றதும் நியாயம்தான் சார்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை யாருமே கேட்டதில்லை. மாதக்கணக்கில் இழுத்த குழாய் விவகாரம், காபி வருவதற்குள் முடிந்துவிட்டது. "இனிமே ஒவ்வொரு மீட்டிங்குக்கும் போனோட வந்துடுங்க மேடம்" என்று கைகூப்பினார் செயலாளர்.

ஆவடி ரயில்வே ஸ்டேஷனில் இன்னொருவர். போனில் யாரையோ காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். நரம்பு புடைத்த கழுத்து, காற்றை வெட்டும் கை... இதுவல்லவா படம்! நெருங்கினேன். என்னைப் பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

கேமராவைப் பார்த்தால் ஏன் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள்?

வெளியே கிடைக்காவிட்டால் என்ன, வீட்டில் ஒருவர் இருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். என் கணவர் ஜெயசீலனுக்குக் கோபம் வராது. கல்யாணமான புதிதில், எனக்குத் தெரியாமல் எங்கேயோ போய்க் கோபப்பட்டுவிட்டு வருகிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டிருக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். அங்கே எந்தப் பொருளையாவது திருப்பி அனுப்புவாரா என்பதே எனக்குப் புரியாத மர்மம்.

விதியை மீறி ஒரு சின்ன முயற்சி செய்தேன். வியாழக்கிழமை ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, எதிரில் போனைச் சாய்த்து வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடித் திறந்தார்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, ஸ்டெல்லா. பரவால்ல, மோர் ஊத்திக்கிறேன்."

இவரை வைத்துக்கொண்டு நான் எந்தப் போட்டியில் ஜெயிப்பது?

இதில் எனக்கு ஒரு உள்வருத்தமும் உண்டு. கோபம் வராதவர்களுக்கு உற்சாகமும் வராது போலிருக்கிறது. நான் எடுக்கிற படங்களை ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டுவேன். "நல்லாருக்கு" என்பார். எல்லாப் படத்துக்கும் அதே ஒரு வார்த்தை. பூனைக்கும் அதுதான், புயல் மேகத்துக்கும் அதுதான். பார்த்துவிட்டுச் சொல்கிறாரா, பார்க்காமலே சொல்கிறாரா என்று எனக்குத் தெரிந்ததில்லை. கேட்டதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கையில் ஒரு படமும் இல்லை. சர்ச்சில் பூசை முடிந்து, திருவேற்காட்டில் என் தங்கை வீட்டுக்குச் சாப்பிட பைக்கில் போய்க்கொண்டிருந்தோம். கோயிலுக்குப் போகிற கூட்டம். குறுகலான தெரு. நடுவில் ஒரு ஆட்டோவும் தண்ணீர் கேன் வேனும் நேருக்கு நேர் நின்றன. பின்னால் போக இரண்டு பேருக்கும் மனமில்லை. கீழே இறங்கி, மூக்கோடு மூக்கு உரச நின்றுகொண்டிருந்தார்கள்.

"நான் பாதி ரோடு வந்துட்டேன், நீ ரிவர்ஸ் எடு!" — இது ஆட்டோக்காரர்.

"லோடு வண்டிடா இது! இன்னா, கண்ணு தெரிலயா உனுக்கு?" — இது வேன்காரர்.

அசல் கோபம்! கலப்படமே இல்லாத கோபம்!

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று பைக்கிலிருந்து குதித்தேன். ஓடிப்போய் பக்கவாட்டில் நின்று க்ளிக் செய்தேன். இரண்டு முகமும் கச்சிதமாக விழுந்தன. நடுவில் ஒரு மஞ்சள் நம்பர் பிளேட். ஆஹா!

இரண்டு முகமும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின.

"யக்கா... இன்னா வீடியோ எடுத்துகினு கீற?" என்றார் ஆட்டோக்காரர்.

"நெட்ல போடத்தான் அண்ணாத்தே! நம்ம மானம் ஊரெல்லாம் போய்டும்" என்றார் வேன்காரர். ஒரு நிமிடத்துக்கு முன்னால் 'டா' போட்டவர்தான். இப்போது அண்ணாத்தே!

"வீடியோ இல்லப்பா. ஒரு போட்டி. தலைப்பு கோபம்..." என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லவே எனக்குப் புரிந்தது, இது எடுபடாது.

"நாங்க கஷ்டத்துல கத்திகினு கீறோம், உனுக்குப் போட்டியா?" என்றபடி வேன்காரர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கேயோ அழுத்திக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கூட்டத்தில் யாரோ ஒருவர், "இந்த வயசுல ஊட்ல கெடக்காம இதுக்கெல்லாம் இன்னா வேலை?" என்றார்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"யாருடா அது?"

யார் குரல் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பினேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றார் ஜெயசீலன். விரலை உயர்த்தி நீட்டியிருந்தார்.

"என்ன பேசற நீ? அவங்க யாருன்னு தெரியுமா? ஒருத்தரைக் கேவலப்படுத்தி இன்னிவரைக்கும் ஒரு படம் எடுத்ததில்லை அவங்க! மார்க்கெட்ல மீன் வெட்டற அம்மாவோட கையை எடுத்து, பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் மாட்டி, அவங்ககிட்டயே கொண்டுபோய்க் குடுத்தாங்க. மழையில நின்ன டிராஃபிக் போலீஸ்காரரை எடுத்தாங்க. அந்தப் படத்துல அவரு முகத்துல வழியற தண்ணி, மழையா வேர்வையான்னு தெரியாது... அப்படி எடுப்பாங்க! எலுமிச்சம்பழ மூட்டை மேல ஒரு பூனை... நீ பார்த்திருக்கியா அதை? பார்த்தியா?"

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூனையைப் பார்த்திருக்கிறாயா என்று நடுத்தெருவில் கேட்டால், யார்தான் என்ன பதில் சொல்வது?

"பெரியவரே, கோச்சுக்காத" என்றார் ஆட்டோக்காரர், மெதுவாக. "நாங்க ஒண்ணியும் பண்லியே."

நான் கையை நீட்டி போனை வாங்கினேன். "நீங்க சொன்னதுதான் சரி. கேக்காம எடுத்திருக்கக் கூடாது" என்று வேன்காரரிடம் சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே அந்தப் படத்தை அழித்தேன். அழகான படம்தான். ஆனால், யாரோ ஒருவருடைய மோசமான நேரம் எனக்குப் பரிசாக வேண்டாம். வேன்காரர் தலையைச் சொறிந்தார். "ஸாரிக்கா. போனைப் புடுங்கினது தப்புதான்" என்றார். பிறகு தானாகவே போய் வேனைப் பின்னால் எடுத்தார். ஆட்டோக்காரர், "வா வா, ரைட்ல ஒடி" என்று வழி சொல்லிக்கொண்டே நடந்தார்.

பைக்கில் ஏறினோம்.

"எல்லாத்தையும் பார்த்திருக்கீங்களா?" என்றேன்.

"எதை?"

"என் படங்களை."

"நீ ஸ்டேட்டஸ்ல வைக்கிறியே... எல்லாத்தையும் பார்ப்பேன். சிலதை ரெண்டு, மூணு தடவை பார்ப்பேன்."

"அப்ப ஏன் ஒண்ணுமே சொன்னதில்லை?"

"சொன்னேனே" என்றார், உண்மையான ஆச்சரியத்தோடு. "நல்லாருக்குன்னு."

இந்த மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்!

தங்கை வீட்டில் பிரியாணி. ஜெயசீலன் வழக்கம்போலத் தலைநிமிராமல் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல "நல்லாருக்கு" என்றார். என் தங்கைக்குத் தெரியாது, அந்த வார்த்தையின் எடை. எனக்கு இப்போது தெரியும்.

கை கழுவிவிட்டு வந்து போனைத் திறந்தேன். அதில், தெருவில் நான் கவனிக்காமல் விட்ட, நான் எடுக்காத ஒரு படம் இருந்தது.

கேமரா திறந்தபடியேதானே போனைப் பிடுங்கினார் வேன்காரர்? அழிக்கிற பட்டனைத் தேடிய அவசரத்தில், அவர் கட்டைவிரல் எடுத்துவிட்டிருந்தது. கொஞ்சம் சாய்ந்த படம். ஓரத்தில் அவருடைய விரல் நிழலாக விழுந்திருந்தது. நடுவில் ஹெல்மெட்டுக்குள் ஜெயசீலன். கண் இரண்டும் நெருப்பு. நீட்டிய விரல், திறந்த வாய்... வாரம் முழுக்க நான் தேடிய கோபம்.

பக்கத்தில் நான். சுற்றிலும் கூட்டம், கையில் போன் இல்லை, நடுத்தெருவில் சண்டை... ஆனால், நான் காதுவரை சிரித்துக்கொண்டிருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது சிரித்தேன் என்றே எனக்குத் தெரியாது.

கோபமே வராத மனிதர் என்று யாரும் இல்லை போலிருக்கிறது. எதற்கு வர வேண்டும் என்று அவரவர் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஜெயசீலன் எதற்கு எடுத்து வைத்திருந்தார் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் படத்தை குரூப்பில் போட்டேன். 'இது போட்டிக்கு இல்லை, இதை எடுத்தது நான் இல்லை' என்று நடந்ததையும் எழுதினேன். பரிசு, ஆவடி பல் டாக்டர் அனுப்பிய படத்துக்குப் போனது — அடுப்பில் பொங்கி வழியும் பால். மனிதர்களே இல்லாத கோபம். புத்திசாலி டாக்டர்! யாரும் அவர் போனைப் பிடுங்கியிருக்க மாட்டார்கள்.

ராத்திரி டேனியல் சார் தனியாக மெசேஜ் அனுப்பினார். "அருமையான படம், மேடம். ஒரே ஒரு யோசனை. பக்கத்துல சிரிச்சிக்கிட்டு நிக்கிற அம்மாவை க்ராப் பண்ணிடுங்க. கோபம் இன்னும் நல்லா எடுபடும்."

நான் பதில் அனுப்பினேன்: "அந்த அம்மாவை எடுத்துட்டா, அது வெறும் கோபம்தான் சார்!"