தழும்பு இருந்த பக்கம்

யுத்த காலத்தில் மயிலாப்பூரில் ஒரு ஸ்டூடியோவில் கூலிக்கு வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியின் கேமராவைத் தூக்கிக்கொண்டு அடையாற்றங்கரைக்குப் போய்விடுவேன். பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஜனங்கள் அங்கே குடிசை போட்டிருந்தார்கள். அவர்கள் சமைப்பதையும் துவைப்பதையும் பேன் பார்ப்பதையும் படம் எடுப்பேன். யாரும் கேட்டு எடுக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு பைத்தியம்.

அங்கே வலது மூக்கில் மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணின் கணவர் வரும் வழியில் கூட்டத்தில் பிரிந்துபோயிருந்தார். அவருடைய கோட்டு ஒன்றை மட்டும் அவள் சுமந்து வந்திருந்தாள். தாலியைக் கழற்றச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள்.

"அண்ணே, அவரு எங்களோட உக்காந்திருக்கிற மாதிரி ஒரு படம் வேணும். புள்ளைக்கு மொகமே மறந்துபோச்சு. இந்தக் கோட்டை நீங்க போட்டுக்கங்க. கிட்டத்தட்ட உங்க ஜாடைதான். இடது புருவத்துல மட்டும் ஒரு வெட்டுத் தழும்பு."

கோட்டு எனக்கென்றே தைத்ததுபோல் பொருந்தியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கேமராவைத் தயார் செய்து, பக்கத்துக் குடிசைப் பையனை அமுக்கச் சொல்லிவிட்டு, அவளோடும் குழந்தையோடும் உட்கார்ந்தேன்.

தழும்பை நெகடிவ் கண்ணாடியில் பென்சிலால் வைத்தேன். அதில் இடமும் வலமும் மாறித் தெரியும். பத்து வருஷம் அந்த வேலை பார்த்தவன், அன்று மறந்து தொலைத்தேன். படத்தில் தழும்பு வலது புருவத்தில் விழுந்திருந்தது. அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அவரேதான்" என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண்குழந்தை படத்திடம் சொல்லிக்கொண்டுதான் வெளியே போகும். என்னைக் கண்டால் ஒளிந்துகொள்ளும்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம், நான் அவர்கள் குடிசையில் இருந்தபோதே, ஒருவர் வாசலில் வந்து நின்றார். என் முகமே இளைத்துப்போய் நிற்பதுபோல் இருந்தது. இடது புருவத்தில் தழும்பு.

எழுந்து ஓடியவள் பாதியில் நின்றாள். அவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு இந்தப் பக்கம்" என்று குழந்தை தன் வலது புருவத்தைத் தொட்டது.

"ஆமா, வலது பக்கந்தான்" என்றாள் அவள். குரலில் சந்தேகமே இல்லை. அவர் தன் புருவத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நீ இடதுன்னுதாம்மா சொன்னே. நான்தான் மாத்திப் போட்டுட்டேன். படத்துல இருக்கிறதுதான் தப்பு" என்றேன்.

"இல்லண்ணே. வலதுன்னுதான் சொன்னேன்."

அவரை அவள் உள்ளே விடவில்லை. அவர் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஸ்டூடியோவுக்கு ஓடி, அதே நெகடிவ் கண்ணாடியைப் பின்புறமாகப் புரட்டி வைத்துப் புதிதாக ஒரு பிரதி போட்டேன். கொஞ்சம் மங்கலாகத்தான் விழுந்தது. ஆனால் தழும்பு இடது பக்கம் வந்துவிட்டது.

மறுநாள் அதை அவள் அவர் முகத்தருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு உடைந்து அழுதாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பழைய படத்தைக் கழற்றி அதே ஆணியில் புதியதை மாட்டினேன்.

குழந்தை கிட்டே போய் நின்று பார்த்தது.

"அப்பா சரிதான்" என்றது. பிறகு விரலைப் படத்தில் தன் தாயின் இடது மூக்குக்கு நகர்த்தி, "அம்மாவுக்கு மூக்குத்தி இந்தப் பக்கம்" என்றது.

திரும்பி, முந்தின நாள் அவரைப் பார்த்த அதே பார்வையால் தன் தாயைப் பார்த்தது.