படத்துக்குப் பின்னால் எழுதியிருந்தது

சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையிலேயே தலை நரைத்தவள் நான். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள், "மேடம், நீங்க பாத்ததுலயே மோசமான பக் எது?" என்று கேட்பார்கள். பக் என்றால் சாஃப்ட்வேர் கோளாறு. ஏதோ பேங்க் சர்வர் படுத்துக்கொண்ட கதையை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். நான் சொல்வது எங்கேயும் உடையாமல், எதுவும் ஹேங் ஆகாமல் ஓடிய ஒரு ஆப்பின் கதை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

1. பச்சை டிக்

புனேயில் வீட்டிலேயே சமைத்து, ஆபீஸ்காரர்களுக்கும் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் சாப்பாட்டு டப்பா கொடுக்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கென்று ஒரு ஆன்லைன் குழு இருந்தது. எந்த ஏரியாவில் யாருக்கு டப்பா வேண்டும், நல்ல எண்ணெய் எங்கே கிடைக்கும், பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்தால் யாரைக் கூப்பிடலாம் என்று எல்லாம் அங்கேதான் பேசிக்கொள்வார்கள். அந்தக் குழுவுக்குப் புது ஆப் செய்து கொடுக்கும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. பார்வை இல்லாதவர்களும் சிரமமில்லாமல் பயன்படுத்த வேண்டும் என்பது கிளையன்டின் முதல் நிபந்தனை.

இந்த இடத்தில் ஒன்றை விளக்கிவிடுகிறேன். பார்வை இல்லாதவர்கள் போனில் ஸ்க்ரீன் ரீடர் வைத்திருப்பார்கள். திரையில் விரலைத் தள்ளத் தள்ள, அங்கே இருப்பதைப் போன் வாய்விட்டுப் படிக்கும். ஆனால் ஒரு போட்டோவில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு வரி விளக்கம் எழுதி வைக்க வேண்டும். அதை ஆல்ட் டெக்ஸ்ட் என்போம். கண் உள்ளவர்களுக்கு அந்த வரி திரையில் தெரியவே தெரியாது.

நான் அந்த டீமில் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. சாங்வியில் இருக்கும் வீட்டிலிருந்து ஹிஞ்சவடி ஆபீஸுக்கு டிராஃபிக்கில் வெந்து நொந்து உள்ளே போனால், என் கையில் ஒரு பேடாவைத் திணித்தார்கள். சோதிக்கும் டூல் எல்லாப் பக்கங்களுக்கும் பச்சை டிக் கொடுத்துவிட்டதாம். ஒரு படம்கூட விளக்கம் இல்லாமல் இல்லையாம். மேனேஜர் கௌஸ்துப் புனேக்காரர், நயமாகப் பேசுவார். வெள்ளிக்கிழமை கிளையன்டுக்கு டெமோ, இனிமேல் எதையும் தொடாதீர்கள் என்று கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

ட்ரையலுக்கு நிஜ ஆட்களைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். பார்வை இல்லாத சிலரைக் கூப்பிட்டார்களாம். கொஞ்ச நாளில் ஒவ்வொருவராக ஆப்பைத் திறப்பதையே நிறுத்திவிட்டார்களாம். ஏன் என்றேன்.

"அவங்களுக்கு அவ்வளவா இன்ட்ரெஸ்ட் இல்ல மேடம்" என்றான் கார்த்திக். சென்னையிலிருந்து வந்த டிசைனர், கெட்டிக்காரப் பையன். பேடா நன்றாக இருந்தது. நானும் இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.

2. கோர்படியிலிருந்து வந்தவர்

டெமோவுக்கு ஒரு விருந்தாளியை அழைத்திருந்தார்கள். பெயர் பிலோமினா. புனேயிலேயே கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். பிலோமினாவுக்குச் சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. இவர் சமைப்பார், இவருடைய தங்கை டப்பா கட்டுவார். குழுவில் யாருக்கு என்ன சந்தேகம் என்றாலும் முதலில் பிலோமினா அக்காவைத்தான் கேட்பார்கள். பார்வை இல்லாத மற்ற பெண்களைக் குழுவுக்குள் கொண்டுவந்ததும் அவர்தான்.

குழு அதுவரை ஓடிக்கொண்டிருந்த பழைய ஆப்பை அந்த மாதக் கடைசியில் மூடப்போகிறார்கள். புதியதில் அவரால் இருக்க முடியாவிட்டால், வருஷக்கணக்காகச் சேர்த்த மனிதர்களையும் பிழைப்பையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அது தெரிந்தேதான் அவர் அன்றைக்குத் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் மீட்டிங் ரூமுக்கு வந்தார்.

குழுவை நடத்தும் கிளையன்ட் அம்மாவும் அவர் ஆட்களும் ஒரு பக்கம், நாங்கள் மறுபக்கம். அக்காவின் போன் திரை சுவரில் பெரிதாகத் தெரிந்தது. "எங்கள் உறுப்பினர்கள்" என்ற பக்கம். மேலே முதல் படமே அவருடையது. நீலப் புடவையில், கையில் கரண்டியோடு, வாய் நிறையச் சிரிப்பு. எல்லாரும் கைதட்டினோம்.

"ஸ்பீக்கர்ல போடட்டுமா? சப்கோ, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார் அக்கா.

கௌஸ்துப் தாராளமாக என்றார். அக்கா வேண்டுமென்றே இரண்டாவது படத்திலிருந்து ஆரம்பித்தார். போன் ஆங்கிலத்தில் படித்தது. தமிழில் சொல்கிறேன்.

"ஊறுகாய் குண்டு ஆன்ட்டி. வேறு படம் கிடைத்தால் மாற்று."

ஒரு நிமிஷம் யாருக்கும் பிடிபடவில்லை. சுவரில் ஒரு அம்மாள் ஊறுகாய் ஜாடியை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார், அவ்வளவுதான். அக்கா விரலைத் தள்ளினார்.

"பல்லு நீண்ட அங்கிள். பல் தெரியாமல் வெட்டு."

யாரோ களுக்கென்று சிரிக்கப்போய் அடக்கிக்கொண்டார்கள். அக்கா திரும்ப மேலே போனார். சுவரில் நீலப் புடவையும் சிரிப்பும்.

"கண் தெரியாத பெண்மணி. டெமோவுக்கு மட்டும் மேலே வை. பிறகு கீழே இறக்கு."

அக்கா அதை மறுபடி ஒரு தரம் ஓடவிட்டார். அதே குரல், அதே வரி.

"இப்போ ஸ்க்ரீன்ல இன்னா தெரியுது?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான்தான் சொன்னேன். "உங்க படம்தான்க்கா. நீலப் புடவை கட்டிட்டு, சிரிச்சுட்டு இருக்கீங்க."

"அதையே எழுதியிருக்கலாமே மா."

கௌஸ்துப் முகம் செத்துப்போயிருந்தது. டேட்டா என்ட்ரியில் சின்னத் தவறு, ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம் என்று ஆங்கிலத்தில் ஏதோ முனகினார். மேலே வை, கீழே இறக்கு என்பது அவர் வாயிலிருந்து வந்த உத்தரவு என்று அவர் டீமின் முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் மேஜையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதற்குள் கார்த்திக் என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"காலியா விட்டா படம் சேவ் ஆகாது மேடம். அதான் எங்களுக்குள்ள அடையாளத்துக்கு எதையாவது போட்டு வச்சோம். யார் கண்ணுக்கும் தெரியாத இடம்தானேன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டான். தான் என்ன சொல்கிறோம் என்று அவன் காதிலேயே விழுந்துவிட்டது போலிருக்கிறது.

பிலோமினா அக்கா கிளையன்ட் அம்மாவின் குரல் வந்த திசைக்குத் திரும்பினார்.

"எங்க ஆளுங்க இதை ட்ரையல்லயே கேட்டுட்டாங்க. ஒருத்தி அழுதே அழுதுட்டா. அப்புறம் யாரும் தொறக்கல. போன் பண்ணிச் சொன்னா இவங்க ஜல்தியா மாத்திட்டு, அப்படி ஒண்ணுமே இல்லைன்னுடுவாங்க. அதான் நானே வந்து எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டறேன்னு அவங்ககிட்ட சொன்னேன்."

இன்ட்ரெஸ்ட் இல்லை என்று நாங்கள் பேடா தின்றுகொண்டே சொன்னோமே, அந்தப் பெண்கள் எங்கள் ஆப்பை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். எங்கள் டீமில் ஒருவர்கூட அதை ஒரு தரம் கேட்டதில்லை.

3. கடைசிப் படம்

கிளையன்ட் அம்மா அங்கேயே சொல்லிவிட்டார். பிலோமினா சரி என்று சொல்லும்வரை புது ஆப் வெளியே வராது, பழையதை மூடவும் மாட்டோம். கௌஸ்துப் கொஞ்ச நாளில் வேறு ப்ராஜெக்ட்டுக்குப் போய்விட்டார். வேலை என் தலையில் விழுந்தது.

விளக்கங்களை நாங்கள் எழுதவே கூடாது என்றார் அக்கா. படத்தில் இருப்பவர்களே சொல்லட்டும், நீங்கள் அப்படியே போடுங்கள் என்றார். கார்த்திக்கையே ஒவ்வொருவருக்கும் போன் போட வைத்தேன். ஊறுகாய் அம்மாள் ஆகுர்டிக்காரர், பெயர் சுனந்தா. "ஆகுர்டி சுனந்தா. கையில் இருப்பது என் மாமியாரே பாராட்டிய மாங்காய் ஊறுகாய்" என்று எழுதச் சொன்னார். போனை வைத்துவிட்டுக் கார்த்திக் அதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் டைப் செய்தான். விட்டுப்போன பெண்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அழுத பெண் கடைசிவரை வரவில்லை.

எல்லாம் முடிந்து அக்காவிடம் காட்டப் போனேன். அவர் படத்தை மேலேயே, முதலிலேயே வைத்திருக்கிறோம், இனி இறக்க மாட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"வேணாம்மா. கீழயே போடு. எல்லாருக்கும் கடைசியா."

இன்னும் கோபமா அக்கா என்றேன்.

"மேல இருந்தா முதல் படத்தோட நிறுத்திட்டு டிக் போட்டுடுவீங்கோ. கடைசியில இருந்தா, என்கிட்ட வர்றதுக்கு மத்த எல்லாரையும் கேட்டாகணும் இல்ல?"

அதனால் என்னிடம் மோசமான பக் எது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். படத்துக்குப் பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று டூல் பார்க்கும். என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்னாலும் நாங்கள் போன் திரையை அணைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை முதலிலிருந்து விரலால் தள்ளிக்கொண்டே போகிறோம். சுனந்தா வருவார், பல் தெரியச் சிரிக்கும் அங்கிள் வருவார், இன்னும் யார் யாரோ வருவார்கள். எல்லாரும் முடிந்த பிறகு கடைசியில் அந்த வரி வரும்.

"கோர்படி பிலோமினா. நீலப் புடவை என்று தங்கை சொல்கிறாள். இதுவரைக்கும் கேட்டிருந்தால், இப்போது டிக் போடுங்கள்."