காற்றுத் துளையை அடைத்த குளிர்காலம்

எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில், ஹைட்சுங் என்று இங்கே சொல்லும் வெப்பமூட்டும் இயந்திரத்துக்கு எதிரே, சுவரில் கூரையை ஒட்டி இரண்டு கை அகலத்தில் ஒரு துளை இருக்கிறது. அதை அடைத்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத உட்கார்ந்த மூன்று தடவையும் அந்த இடத்துக்கு வராமல் சுற்றிச் சுற்றியே போனேன்.

பீல் நகரின் ஓரத்தில் வாடகைக்கு எடுத்த பழைய வீடு. அடுக்குமாடியில் இருந்தபோது குளிரை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். இங்கே எல்லாம் எங்கள் பொறுப்பு. நான் கெட்டிக்காரியாகவே நடந்தேன். வரவேற்பறையின் சூட்டுக் குமிழ் மூன்றில், படுக்கையறைகளில் இரண்டில். சூடு தரும் தகடுகளுக்கு முன்னால் எந்தத் தளபாடமும் இல்லை. காலையும் மாலையும் ஐந்து நிமிடம் எல்லா யன்னல்களையும் அகலத் திறந்துவிட்டு மூடுவேன். யன்னல் இடுக்குகளுக்கும் கதவடிகளுக்கும் பஞ்சுப் பட்டி ஒட்டினேன். வீட்டுக்குள் ஓர் ஊசிக் காற்றும் வரவில்லை. அதில் எனக்குப் பெருமை.

மிஞ்சியது அந்தத் துளை மட்டும்தான். கீழே போகும் ஒவ்வொரு முறையும் பனிக்காற்று அதனூடாக என் பிடரியில் விழும். காசு கொடுத்து வாங்கிய சூட்டைத் தெருவுக்கு விடுகிறோமே என்று நினைப்பேன். இன்னொரு காரணமும் இருந்தது. இந்த நாட்டு வெயிலை நம்பி மோர்மிளகாய் போட முடியாது. அந்த அறையின் வெக்கை எனக்கு நல்ல வெயில். நான்கு தட்டுகளில் மிளகாய் பரப்பியிருந்தேன். துளைக்கு நேரே இருந்த தட்டு மட்டும் காயாமல் பூசணம் பிடித்தது. அரிசிப் பையொன்றுக்குள் பழைய போர்வையைத் திணித்து, ஏணியில் ஏறி, துளைக்குள் இறுக்கினேன். மறுநாளே மிளகாய் காயத் தொடங்கியது.

அந்த வாரம் தபால்பெட்டியில் ஓர் அட்டை கிடந்தது. புகைபோக்கி துப்புரவு செய்பவர் வருவதாக நாளும் நேரமும் போட்டிருந்தது. அவர் அந்த அறைக்குள்தான் போவார். மோரில் ஊறிய மிளகாயின் மணம் கதவைத் திறந்ததும் மூக்கில் அடிக்கும். முந்தைய அடுக்குமாடியில், எல்லோருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவில் யாரோ எங்கள் சமையல் மணத்தைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். பெயர் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து சமைக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள காற்றுறிஞ்சியை முழு வேகத்தில் போடுவேன். மணம் பிடிக்கும் என்று மகளின் ஜாக்கெட்டைச் சமையலறைக்குள் வர விடமாட்டேன்.

தொலைபேசியில், “மகளுக்குச் சோதனை வருகிறது, வீட்டில் சத்தம் கூடாது” என்று சொல்லி வேறு தவணை கேட்டேன். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது அட்டை வந்தது. மிளகாய் இன்னும் முழுதாய்க் காயவில்லை. அதே பொய்யைத் திரும்பச் சொன்னேன்.

மகள் படித்தது ஹைட்சுங்குக்குப் பக்கத்து அறையில். அங்கேதான் வீட்டிலேயே நல்ல சூடு. துளையை அடைத்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேலே வந்து மேசையில் தலையைச் சாய்த்தாள்.

“அம்மா, தலை இடிக்குது.”

“தோஞ்சிட்டு ஈரத்தலையோட இருந்தா இடிக்காம என்ன செய்யும்?”

“நான் இண்டைக்குத் தோயவே இல்லை.”

“அப்ப போனைப் பாத்து வந்த தலையிடி.”

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சுகமாக இருந்தாள். அடுத்த ஞாயிறு மறுபடி தலையிடி. இம்முறை குமட்டி ஓங்காளமும் சேர்ந்தது. கணவர் சிரித்தார்.

“கணக்குப் புத்தகத்தைத் திறந்தா வாற வருத்தம். எனக்கும் உந்த வயசில இருந்தது.”

குளிர் பட்டிருக்கும் என்று நான் முடிவு செய்தேன். யன்னல் திறப்பதை நிறுத்தினேன். அவள் படிக்கும் அறைக் கதவின் அடியில் துவாய் ஒன்றைச் சுருட்டி வைத்தேன். அந்தத் துவாயின் நீலக்கரை இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூன்றாவது ஞாயிறு ஆட்டிறைச்சி வதக்கிக்கொண்டிருந்தேன். காற்றுறிஞ்சி இரைந்தது. படிவாசலில் நின்று சாப்பிடக் கூப்பிட்டேன். “வாறன்” என்றாள் கீழேயிருந்து. வாயில் எதையோ வைத்துக்கொண்டு சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் கூப்பிட்டேன். பதில் இல்லை.

“காதுக்குள்ள உதுகளைச் செருகிக்கொண்டு இருக்கிறாள்,” என்று கணவரிடம் சொன்னேன். “போய் ஒருக்காப் பாருங்கோ.”

“நீர் இன்னொரு சத்தம் போடும், வருவாள்.”

நான் சோற்றை வடித்தேன். வடித்து முடியும்வரை போகவில்லை. அது எத்தனை நிமிடம் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்.

கீழே போய் அவள் அறைக் கதவைத் தள்ளினேன். துவாய் தடுத்தது. பிறகு திறந்தது. கன்னம் கணக்குக் கொப்பியில் பதிய மேசையில் கிடந்தாள். கொப்பி நனையச் சத்தியெடுத்திருந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினேன், தலை பின்னால் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் கணவர் ஓடி வந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது அவருடைய கால்களும் பின்னின. தோட்டத்துப் பனியில் கிடத்தினோம். பிள்ளை, பிள்ளை என்று நான் கன்னத்தில் தட்டிக்கொண்டிருக்க, அவர் அவசர எண்ணை அழுத்தினார். இருமினாள். அந்த இருமலைப் போல ஒரு சத்தத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

அம்புலன்ஸில் வந்தவர்களில் ஒருவர் வீட்டு வாசலில் கால் வைத்ததும், அவருடைய பையில் தொங்கிய சிறு கருவி கீச்சிட்டது. பின்வாங்கி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கத்தினார். யாரும் இல்லை. வீட்டுக்குள் ஒரு மணமும் இல்லை, இறைச்சி மணத்தைத் தவிர.

மகளை ஒக்சிசனோடு அம்புலன்ஸில் ஏற்றினார்கள். கூடப் போகும்படி கணவர் என்னைத் தள்ளினார். அதற்குள் வந்துசேர்ந்த தீயணைப்புக்காரர் ஒருவர் முகமூடியோடு கீழே போய், அரிசிப் பையோடு மேலே வந்துவிட்டார். அவர் எளிமையாக விளங்கப்படுத்தினார். இயந்திரம் எரிய வெளிக்காற்று வேண்டும். துளை அடைபட்டதால் அது சரியாக எரியவில்லை. மேலே காற்றுறிஞ்சி வீட்டுக் காற்றை இழுக்க இழுக்க, புகைபோக்கியால் போகவேண்டிய நச்சு வாயு திரும்பி உள்ளே வந்திருக்கிறது. மணமும் நிறமும் இல்லாத வாயு. அவள் கீழே படித்துக்கொண்டிருக்க, நான் நெடுநேரம் சமைத்த ஞாயிறுகளில்தான் அவளுக்குத் தலை இடித்திருக்கிறது.

“இதை யார் வைத்தது?” என்று கேட்டார்.

“நான்,” என்றார் கணவர்.

அம்புலன்ஸில் ஏறினேன்.

மகள் பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். மிளகாயை நான் குப்பையில் கொட்டினேன். மேல்மாடியிலும் கீழேயும் வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் பூட்டினோம். அவளுடைய மேசையை மேலே ஏற்றினோம். கொஞ்ச நாளில் பகிடியும் விடத் தொடங்கினாள்.

“அப்பா எங்களைப் பொதி கட்டி மேல அனுப்பப் பாத்தவர், என்னப்பா?”

அவர் சிரித்துவிட்டுக் கோப்பியைக் குடிப்பார். என்னைப் பார்க்கமாட்டார். நானும் பார்க்கமாட்டேன்.

இந்தக் குளிர்காலம் தொடங்கி, ஹைட்சுங் திரும்ப உறுமத் தொடங்கிய வாரம். காலையில், அவள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரம், கீழே வெளிச்சம் தெரிந்தது. இறங்கினேன். ஜாக்கெட்டும் புத்தகப் பையுமாக ஏணியில் நின்று, உள்ளங்கையைத் துளைக்கு நேரே பிடித்திருந்தாள்.

“என்ன செய்யிறாய்?”

“காத்து வருதோ எண்டு பாக்கிறன். ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்.” கையை எடுக்காமல் சொன்னாள். “அப்பா திரும்ப அடைச்சிடுவாரோ எண்டு பயமாக் கிடக்கு. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பாவம்.”

வெளியில் பேருந்து ஒன்று போனது. அந்த நாளுக்குப் பிறகு ஒவ்வொரு இரவும் அவள் தன் அறைக் கதவைத் திறந்துவைத்தே படுப்பது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

“அப்பா இல்லை,” என்றேன். “அடைச்சது நான்.”

அவள் இறங்கவில்லை.

“ஏன் அப்ப சொல்லேல்லை?”

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவள் இறங்கி, ஏணியைச் சுவரில் சாத்தி, என்னைத் தாண்டிப் படியேறினாள்.

இப்போது நான் அடுப்பு மூட்டினால், எந்த வேலையில் இருந்தாலும் வந்து சமையலறை யன்னலை அகலத் திறந்துவிட்டு, ஜாக்கெட்டோடு மேசையில் உட்கார்ந்துவிடுகிறாள். ஜாக்கெட்டில் மணம் பிடிக்கும் என்று நான் சொல்வதில்லை. நான் சமைத்து முடிக்கும்வரை என் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.