மத்தியானக் கொடைக்கு வைத்த லிமிட்டர்

"மாப்ளே, கொடையன்னைக்கு மேளச் சத்தம் மேல எழும்பக் கூடாது. சத்தத்தை அமுக்குத பெட்டின்னு ஒண்ணு வச்சிருக்கீருல்லா, அதைப் போட்டு அமுக்கிரும் வே."

என் மனைவியின் அண்ணன் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் மைக்செட் கடை வைத்திருக்கிறவனிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி இதுவரை ஒரு மனுசனும் வந்ததில்லை. "அண்ணாச்சி, பக்கத்து ஊரு அதிரணும்" என்றுதான் வருவார்கள். காது போனால் அவர்களுக்கென்ன, என் ஸ்பீக்கர் கிழிந்தால் அவர்களுக்கென்ன! மச்சான் சிரிக்கவில்லை. அவர் மடியில் ஆஸ்பத்திரி ஸ்கேன் கவர் இருந்தது. அதைப் பார்த்ததும் என் சிரிப்பும் நின்றுவிட்டது.

இதயச் சுவர் தடித்திருக்கிறதாம். பரம்பரையாக வருவதாம். ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மூச்சு முட்ட எதுவும் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பரம்பரை என்றால் யார் என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. என் மாமனார் அவர்கள் ஊர் மாடன் கோயிலில் கோமரத்தாடி. சாமி அவர் மேல்தான் வரும், அவர்தான் ஆடுவார். ஒரு கொடைத் திருவிழாவில் ஆடி முடித்துக் கீழே விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. சாமி தன் காலடிக்கே கூப்பிட்டுக்கொண்டது என்று ஊர் சொன்னது. மாமியாரான என் அத்தையும் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாள். அதற்குப் பிறகு கொடை நின்றுபோயிருந்தது. இப்போது மறுபடி நடத்தப் போகிறார்கள். மகனை வந்து நிற்கச் சொல்கிறார்கள்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னேன் வே. வந்து நில்லு, அது போதும், வாரதும் வராததும் சாமி இஷ்டம்ங்காவ. ஸ்கேனைக் காட்டினா, மாடனுக்கு முன்னால டாக்டர் எம்மாத்திரம்பாவ. அம்மைட்ட இதைச் சொன்னா அவ இப்பமே செத்திருவா."

ஒரு வழி இருந்தது. மத்தியானக் கொடையில் அவர் மேல் சாமி வரவில்லை என்றால் பங்காளி வீட்டைப் பார்ப்பார்கள். அங்கே ஒருவர் ஆசையோடு காத்துக்கொண்டிருந்தார். வந்தால்கூடத் தப்பிக்கலாம். ஆடினது மட்டும் கணக்கில்லை. சாமி வாய் திறந்து வாக்குச் சொன்னால்தான் அந்த ஆள் ஆயுசுக்கும் கோமரத்தாடி. அந்த ஊர் முறை அது. ஆக, ஒரு மத்தியானத்தை மேளம் எழும்பாமல் கடத்திவிட்டால் மச்சான் பிழைத்தார்.

"சின்ன வயசுலயிருந்தே எனக்குத் தெரியும். மேளம் ஒரு மட்டத்துக்கு மேல ஏறும்போது நெஞ்சுக்குள்ள என்னமோ பிடிச்சு இழுக்கும். அதைத் தாண்ட விட்டிராதேயும்" என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

என் தொழிலில் அதற்கு வழி உண்டு. கம்ப்ரஸர் என்பது சத்தம் ஒரு கோட்டைத் தாண்டும்போது அதன் தோளைப் பிடித்து அமுக்குகிற சாதனம். எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவு அமுக்கும். லிமிட்டர் இன்னும் கறார். இதற்கு மேல் கிடையாது, போ என்று கதவைச் சாத்திவிடும். இப்படி அமுக்கினால் மொத்தச் சத்தமும் சின்னதாகிவிடும் என்பதால் கடைசியில் எல்லாவற்றையும் கொஞ்சம் தூக்கி வைப்போம். அதனால் மெல்லிய சத்தமும் மேலே வந்துவிடும். கிசுகிசுப்பும் கூப்பாடும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். மைக்கை வாயில் கடித்துக்கொண்டு கத்துகிற அரசியல்வாதிகளிடமிருந்து என் ஸ்பீக்கர்களை இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருப்பது இந்த இரண்டும்தான். ஒரு மனுசனைக் காப்பாற்ற இவற்றை வைப்பேன் என்று நினைத்ததில்லை.

மாமனார் ஊர் ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. கொடையன்று காலையிலேயே லோடு ஆட்டோவில் சாமான்களைக் கொண்டு இறக்கிவிட்டேன். மாடன் பீடத்துக்குப் பக்கத்தில் மேளம் நிற்பதுதான் வழக்கம். கம்பி எட்டாது, பீடத்துப் பக்கம் நின்றால் மைக் ஊளையிடும் என்று அரை உண்மையும் அரைப் பொய்யுமாகச் சொல்லி, மேளக்காரர்களைப் பந்தலின் அந்தக் கோடியில் நிறுத்தினேன். தவில், பம்பை, நாதஸ்வரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி மைக். அமுக்குகிற கோட்டை அடியில் இறக்கினேன். அமுக்கினால் சீக்கிரம் விடாதபடி வைத்தேன். எல்லாம் போய்ச் சேருகிற இடத்தில் லிமிட்டரைப் போட்டேன். பெரிய சாமியாடிகளுக்கும் அருள் வராத தாலாட்டாக அந்த மேளம் வெளியே வந்தது. வேட்டியும் துண்டுமாக அந்தப் பக்கம் வந்த மச்சான் ஒரு நிமிடம் நின்று கேட்டார். லேசாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

உச்சி வெயிலில் கொடை தொடங்கியது. மச்சானுக்குச் சாமியாடியின் அரைக்கால் உடுப்பான சல்லடம் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பீடத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். அத்தை கைகூப்பியபடி முன்வரிசையில் நின்றாள். என் மனைவி அவளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் விஷயம் மனைவிக்கும் தெரியாது.

மேளம் ஏறியது. என் மேசையில் சிவப்பு விளக்குகள் விடாமல் எரிந்தன. தவில்காரர் தோள் நரம்பு புடைக்க அடிக்கிறார், வெளியே அதே தாலாட்டு. வேகம் கூடுகிறது, கனம் கூடவில்லை. கூட்டம் கொட்டாவி விடாத குறை. மச்சான் சிலைபோல நின்றார். கொள்ளாம், அப்படியே நில்லும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பங்காளி வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் இறுக்குவதும் தெரிந்தது.

தவில்காரர் அடியை நிறுத்தாமல் என் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"அண்ணாச்சி, என்ன வச்சிருக்கீய? என் அடி எனக்கே திரும்பி வரமாட்டேங்கு! பொணத்தை அடிக்க மாதிரி இருக்கு!"

ஸ்பீக்கர் சூடாகிவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் பொறுக்கிற ஆள் இல்லை. மானமுள்ள கலைஞன், அடி மேல் அடி வைத்தும் ஊர் அசையவில்லை என்றால் எப்படிப் பொறுப்பார்? நான் அமுக்க அமுக்க அவருக்கு வெறி ஏறியது. அது எனக்கு உறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினேன்.

அப்போது கோயில் தலைவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"மைக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மேளத்தை இங்கன கொண்டாங்கலே!"

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். தவில்காரர் மைக்கைக் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தார். பின்னாலேயே பம்பையும் நாதஸ்வரமும் போயின. பீடத்தடியில் மச்சானைச் சுற்றி வளைத்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த கோபத்தையெல்லாம் சேர்த்து அந்த மனுசன் தவிலில் இறக்கினார் பாருங்கள்! எனக்கு அடிவயிறு அதிர்ந்தது. மேசையைப் பார்த்தேன். ஒரு விளக்குகூட எரியவில்லை. கம்பி வழியாக ஒன்றும் வராதபோது என் பெட்டி எதை அமுக்கும்? கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத் தவிர எனக்கு அங்கே வேலையே இல்லை.

மச்சான் என்னைத்தான் பார்த்தார். கூட்டத்துக்கு மேலாக, நேராக என்னை. அந்தப் பார்வையை நான் மறக்கப் போவதில்லை. பிறகு அவர் கண் மேலே செருகியது. முழங்கால் வெட்டியது.

"சாமி வந்துட்டு!" என்று யாரோ கத்த, பெண்கள் குலவையிட்டார்கள்.

எவ்வளவு நேரம் ஆடினார் என்று எனக்குத் தெரியாது. மாடனின் ஈட்டியான வல்லயத்தை ஊன்றி எம்பி எம்பிக் குதித்தார். ஒவ்வொரு குதிப்புக்கும் என் நெஞ்சு நின்று நின்று அடித்தது. நாலு தடவை ஓடிப்போய்ப் பிடித்துவிடலாமா என்று கிளம்பி, கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் திரும்பினேன். ஒருவழியாக மேளம் தணிந்தது. அவர் விழவில்லை. வல்லயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாடா, வாக்கு மட்டும் இல்லையென்றால் போதும் என்று நினைத்தேன்.

அறிவிப்புக்காக நான் கொடுத்து, அதே பெட்டி வழியாக ஓடவிட்டிருந்த வயர்லெஸ் மைக்கைக் கோயில் தலைவர் எடுத்து அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

செத்துக் கிடந்த விளக்குகள் எரியத் தொடங்கின. முதலில் வந்தது மூச்சு. மெல்லியதையும் தூக்கிவிடும்படி நான் வைத்த கம்ப்ரஸர் அந்த இழுப்பை, அதற்குள் இருந்த கரகரப்பை, ஊருக்கே போட்டுக் கேட்க வைத்தது. பிறகு குரல்.

"ஏலே... இந்த உடம்பு எனக்குப் போதும்லே. இதுல உசிரு இருக்கிற மட்டும் வருசம் தவறாம இதுலதான் வருவேன். வேற வீடு தேடாதீய."

கத்தினதும் முனகினதும் ஒரே மட்டத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல் வெளியே போயின. என் தொழிலில் ஒரு குரலை அவ்வளவு சுத்தமாக நான் கொடுத்ததே இல்லை. பாழாய்ப்போன சுத்தம். அத்தை நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். பங்காளி வீட்டுக்காரர் இடுப்புத் துண்டை அவிழ்த்து, மச்சானின் காலடியில் போட்டுக் கும்பிட்டார்.

மச்சான் தெளிந்தபோது பந்தலுக்குப் பின்னால், என் லோடு ஆட்டோ நிழலில் படுத்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், நாடி தாறுமாறாகத் துள்ளியது. கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஆடினது அவருக்கே தெரிந்திருந்தது, உடம்பு சொல்லுமே. மற்றது எதுவும் நினைவில்லை. எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

"வாக்கு ஏதும் கொடுக்கலைல்லா மாப்ளே?"

என் வாயால் அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஊரில் யாராவது சொல்லி அவருக்குத் தெரிவதும் எனக்குப் பிடிக்கவில்லை. என் மேசையில் ஓடுவதெல்லாம் பதிவாகிவிடும். ஹெட்ஃபோனைக் கொண்டுவந்து அவர் காதில் வைத்தேன். அந்த இடத்தைத் தேடிப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவ போடும்" என்றார். போட்டேன். பைய ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எல்லாருக்கும் கேட்டுச்சா வே?"

"கேட்டுச்சு மச்சான்," என்றேன். "ஆத்துக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்டுச்சு."